பேசும் பெட்டிக்கு யார் குரல்

தொம்மலூர்
பெங்களூரு, 15 ஜூன் 2025

மித்ராவுக்கு,

வீணா எழுதுகிறேன். உன் அண்ணன் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள். ஆபரேஷன் அன்று போனில் நீ கேட்ட கேள்விக்குப் பிறகு நானாக எழுதுவேன் என்று நீயும் நினைத்திருக்க மாட்டாய். "எங்கம்மா தொண்டைய அறுக்கக் கையெழுத்து போட நீங்க யாரு?" என்றாய். உன் அண்ணன் உமேஷால் போட முடியவில்லை, பேனாவை என்னிடம் கொடுத்தார், போட்டேன். இன்னும் தள்ளிப்போட்டால் புற்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை உனக்கும்தான் சொன்னோம். அதை மறுபடி கிளற வரவில்லை.

விஷயம் இதுதான். அத்தை தையல் வேலையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார். முன்னறையில் மெஷின் ஓடுகிறது. ஆனால் வருகிறவர்களிடம் பேச முடியவில்லை. சிலேட்டில் தமிழில் எழுதிக் காட்டுவார். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கன்னடம், மீதிப் பேருக்கு இந்தி. "பரவால்ல ஆன்ட்டி, அப்பறம் வர்றேன்" என்று போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகு அத்தை சிலேட்டை அழிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால் கணினிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பைதான்தான். ஆபீசில் வருகைப்பதிவு ஃபைல்களைப் பிரிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது. ஒரு கீயைத் தட்டினால் ஒரு வாக்கியம் பேசும். "அளவு ப்ளவுஸ் எங்க?" ஒரு கீ. வெள்ளிக்கிழமை வாங்க என்பதற்குக் கன்னடத்தில் "சுக்ரவார பன்னி", அது இன்னொரு கீ. என் லேப்டாப்பில் நன்றாகப் பேசுகிறது. ஆனால் பகலில் லேப்டாப் என்னோடு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துவிடுகிறது. அத்தையிடம் இருப்பது உமேஷின் பழைய லேப்டாப். அதில் பைதான் இல்லை. அத்தைக்கு அதெல்லாம் தெரியவும் வேண்டாம், ஐகானைத் தட்டினால் பேச வேண்டும். நெட்டில் பார்த்து, பைதான் இல்லாமலே தானாக ஓடுகிற exe கோப்பாக ஆக்கிக் கொடுத்தேன். தட்டினால் ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறைகிறது. அவ்வளவுதான்.

"மித்ராவ கேளு, அவளுக்கு இது கண்ண மூடிக்கிட்டு செய்யற வேலை" என்கிறார் உன் அண்ணன். கேட்டுவிட்டேன்.

வீணா


ஹாம்பர்க்
17 ஜூன்

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா போன வாரமே எனக்கு மெசேஜ் அனுப்பினாள். "வீணா பொட்டி பண்ணிருக்கா. பேசுது." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மற்றவர்களின் மென்பொருள்களை வாடிக்கையாளர் கணினியில் ஓட வைப்பதற்குத்தான் இந்த ஊரில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். இது எங்கம்மாவுக்குத் தெரியும். இருந்தும் என்னிடம் கேட்கத் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்பதுதானே வசதி.

வேலையைப் பார்ப்போம். ஜன்னல் மின்னி மறைகிறது என்றால் புரோகிராம் செத்துவிட்டது என்று அர்த்தம். சாகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் சாகும், நீங்கள் படிப்பதற்குள் ஜன்னல் மூடிவிடுகிறது. ஐகானைத் தட்டாதீர்கள். அம்மாவின் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து, exe இருக்கும் ஃபோல்டருக்குப் போய், அதன் பெயரை அங்கேயே டைப் செய்து என்டர் தட்டுங்கள். இப்போது ஜன்னல் மூடாது. கடைசி வரியில் என்ன இருக்கிறதோ அப்படியே எனக்கு அனுப்புங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் வேண்டாம்.

பேசுகிறது என்றீர்களே, எந்தக் குரலில்? கணினியே பேசும் குரலா?

மித்ரா


தொம்மலூர்
19 ஜூன்

மித்ராவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். கடைசி வரியை அப்படியே எழுதச் சொன்னாய், அது இங்கிலீஷில் நீளமாக இருக்கிறது, படம் பிடித்து இணைத்திருக்கிறேன். D டிரைவில் வீணா என்ற ஃபோல்டருக்குள் குரல் என்ற ஃபோல்டர், அதில் ஒலிக் கோப்பு இல்லை என்கிறது. ஆனால் இருக்கிறதே. என் லேப்டாப்பில் கண்ணால் பார்க்கிறேன்.

இன்னொன்று. இன்று மறுபடி செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டது. அத்தை பயந்து பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

குரல் என்னுடையது. கணினிக் குரலை முதலில் போட்டுக் காட்டினேன். அத்தை சிலேட்டில் "ரயில்வே டேசன்" என்று எழுதித் தள்ளிவிட்டார். அப்புறம் நானே பேசிப் பதிந்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மேஜையைத் தட்டித் தட்டித் திருத்தினார். நான் மெதுவாகச் சொன்னால் தட்டுவார், மரியாதையாகச் சொன்னால் தட்டுவார். "அளவு ப்ளவுஸ் எங்க?" என்பதை அவர் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சண்டைக்கு வருகிற மாதிரி நான் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டினார். வீட்டில் பெண்குரல் வேறு யாருடையது இருக்கிறது, நீயே சொல்.

வீணா


ஹாம்பர்க்
22 ஜூன்

அண்ணிக்கு,

கோப்பு உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. அம்மாவின் லேப்டாப்பில் D டிரைவில் வீணா என்று யாரும் இல்லை. உங்கள் ஸ்கிரிப்ட் உங்கள் வீட்டு முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வீட்டில் போய்த் தேடுகிறது. exe ஆக்கும்போது ஒலிகளையும் உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். கட்டினாலும் போதாது. ஒரே கோப்பாகக் கட்டிய exe, ஓடும்போது ஒரு தற்காலிக இடத்தில் தன்னைப் பிரித்து வைத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் அந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கே தேட வேண்டும். நீங்கள் இதில் கைவைக்க வேண்டாம். ஸ்கிரிப்ட், ஒலிகள் எல்லாவற்றையும் எனக்கு அனுப்புங்கள். நான் செய்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, உங்கள் லேப்டாப் வீட்டில் இருந்திருக்கிறது. அம்மா அதை வைத்துக்கொண்டு வீடியோ காலில் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு குறும்பு, நான் சின்ன வயதில் பார்த்தது. குனிந்து ஏதோ தட்டினாள். "மித்ரா கண்ணு, சாப்ட்டியா?" என்று கேட்டது. நீங்கள் கேட்டீர்கள். அம்மா வாயை லேசாகத் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறாள், குரல் உங்களுடையது வருகிறது. நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுத வந்தேன். வேண்டாம், கோபித்துக்கொள்ளுங்கள். விசா புதுப்பிக்கும் வரை நான் இந்த நாட்டை விட்டு நகர முடியாது. அம்மாவின் சாப்பாடு உங்கள் கையில், மருந்து உங்கள் கையில், கழுத்துத் துளையைத் துடைப்பது உங்கள் கையில். என்னை அவள் கூப்பிடுகிற வார்த்தை ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் நீங்களே சொல்கிறீர்கள்.

மித்ரா


தொம்மலூர்
24 ஜூன்

மித்ரா,

எல்லாவற்றையும் டிரைவில் ஏற்றிவிட்டேன், லிங்க் கீழே.

நீ அழைப்பைத் துண்டித்ததும் அத்தை என்ன செய்தார் தெரியுமா? நீ போய்விட்டாய் என்று தெரியாமல் அந்தக் கீயை மறுபடி மறுபடி தட்டினார். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். சிலேட்டில் "ரிப்பேரு". நான், "நெட் போச்சு அத்தை, பெட்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன். உனக்காக ஒரு பொய்.

அந்த வார்த்தையைப் பற்றி நீ பேசிவிட்டாய், நானும் பேசிவிடுகிறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை என்னை "வீணா" என்பார், கோபம் வந்தால் "ஏம்மா" என்பார். கண்ணு என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. குரல் இருந்த காலத்தில் கூப்பிடவில்லை, இனி கூப்பிட வழியும் இல்லை. உன் கீயைப் பதிந்த அன்று அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எத்தனை முறை மேஜையைத் தட்டினார் என்கிறாய். இழுத்துச் சொல்ல வேண்டுமாம், "கண்ணூ" என்று. எனக்கு வரவில்லை. கேட்டுப் பழகியிருந்தால்தானே வரும்? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, நான் உன்னிடம் பேசுவதாக நினைக்காமல், அத்தை என்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். உடனே சரியென்று கை தூக்கினார். நீ கேட்டுவிட்டுத் துண்டித்தது அதைத்தான்.

பௌர்ணமிக்கு புத்த விகாரையில் பெண்கள் கூட்டம். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை முதல் முறையாகப் போகிறார். பெட்டியைக் கொண்டுபோய் எல்லாரிடமும் பேசிக் காட்ட வேண்டும் என்று இருக்கிறார். அதற்குள் அனுப்பிவிடு.

வீணா


ஹாம்பர்க்
7 ஜூலை

அண்ணிக்கு,

exe தயார். ஒலிகள் உட்பட எல்லாம் ஒரே கோப்பில் இருக்கிறது. பைதான் தேவையில்லை, D டிரைவ் தேவையில்லை. அம்மாவின் லேப்டாப் போலவே ஒரு பழைய கணினியைத் தேடிப்பிடித்து ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஆன்டிவைரஸ் தடுத்தால் "அனுமதி" கொடுங்கள். முகம் தெரியாத எல்லா exe மீதும் அதற்குச் சந்தேகம்தான்.

சில ஒலிகள் தெளிவாக இல்லை, பின்னால் குக்கர் சத்தம் வேறு. சரிசெய்திருக்கிறேன்.

நீங்கள் திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. அம்மாவே விகாரையில் திறக்கட்டும்.

மித்ரா


தொம்மலூர்
12 ஜூலை

மித்ரா,

உன்னை என்னவென்று சொல்வது?

பௌர்ணமியன்று அத்தை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, லேப்டாப் பையை என்னிடம்கூடக் கொடுக்காமல் தானே தூக்கி வந்தார். பஞ்சசீலம் சொல்லி முடிந்ததும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தையோடு ஒன்றாகவே தையல் கற்றுக்கொண்ட சின்னத்தாயி அம்மா, "ரத்தினம், எப்பிடிக்கீற? ஏதோ பொட்டி பேசுமாமே, பேசு பாக்கலாம்" என்றார். அத்தை கீயைத் தட்டினார்.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?"

உன் குரல்.

சின்னத்தாயி அம்மா எழுந்தேவிட்டார். "இது மித்ரா பாப்பா குரலாச்சே, வந்துட்டாளா?" என்று வாசல் பக்கம் பார்த்தார். அத்தையும் பார்த்தார், மித்ரா. தன் கையால் தட்டின கீ என்று தெரிந்தும் வாசலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் திரும்பவே இல்லை. பிறகு மூடியை மூடிவிட்டார். கூட்டம் முடியும் வரை யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். எல்லாருக்கும் முன்னால் பேசிக்காட்ட வேண்டும் என்று வந்த மனுஷி.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கீயாகக் கேட்டேன். என் குரல் ஒன்றுகூட இல்லை. குக்கர் சத்தத்தைச் சரிசெய்தேன் என்று எழுதினாயே, வெட்கமாக இல்லையா? "அளவு ரவிக்கை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறாய். அத்தை எந்தக் காலத்தில் அப்படிக் கேட்டார்? நேற்று ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, டிவில வர்ற மாதிரி பேசுதே" என்று சிரித்தாள். அதோடு அத்தை கடையில் அதைத் திறப்பதில்லை.

பழைய ஒலிகளை வைத்து நானே கட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் ஊமையாக இருக்கிறது. நீ தற்காலிக இடம் என்று ஏதோ சொன்னாய், அதைக் கேட்கும் வரி உன்னிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. அனுப்பு. எனக்கு உன் தயவு வேண்டாம், அந்த வரி மட்டும் போதும்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். இன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு அத்தையின் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உன் குரல். உனக்கென்று இருந்த கீயை நீ மாற்றியிருக்கிறாய். "அம்மா, சாப்ட்டியா?" என்று கேட்கிறாய். அத்தை தலையை ஆட்டுகிறார். மறுபடி தட்டுகிறார். நீ கேட்கிறாய். மறுபடி தலையை ஆட்டுகிறார். சாப்பாடு என் கையில் இருக்கிறது, சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீணா


ஹாம்பர்க்
16 ஜூலை

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதி அழித்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

பதிவு செய்யும்போது எனக்குத் தெரியும். உங்கள் ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் சொன்னதில் அம்மா இருந்தாள். கடைக்கு வருகிறவர்களை அதட்டுகிற அம்மா, நான் ஊரைவிட்டு வந்து மறந்துபோன இழுப்பு, எல்லாம் இருந்தது. எனக்கு அது வரவில்லை. வரவில்லை என்று தெரிந்த பிறகு உங்களுடையதை அழிக்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்ததால் உங்களுக்கு வந்தது, தூரத்தில் இருப்பதால் எனக்குப் போனது என்று கணக்குப் போட்டேன். விகாரையில் அவள் வாசலைப் பார்த்தாள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நீங்கள் கேட்ட வரியை அனுப்பப் போவதில்லை. அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஒலிகளை exe-க்குள் வைக்கவே வேண்டாம். ஒரே கோப்பாகச் சுருட்டவும் வேண்டாம், ஃபோல்டராகவே கட்டுங்கள். ஆன்டிவைரஸ் சந்தேகமும் பெரும்பாலும் குறையும். ஒலிகளை exe-க்குப் பக்கத்திலேயே தனி ஃபோல்டரில் போடுங்கள். exe, தான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, பக்கத்து ஃபோல்டரிலிருந்து எடுத்துப் பேசும். அதற்கான வரிகளை இணைத்திருக்கிறேன், உங்கள் ஸ்கிரிப்டின் தலையில் ஒட்டினால் போதும். இனி ஒரு வாக்கியம் மாற்ற வேண்டுமென்றால் கோப்பை மாற்றினால் போதும், யாரும் திரும்பக் கட்டித் தர வேண்டியதில்லை. என்னைப் போன்றவள் நடுவில் புகுந்து எதையும் மாற்றிவிடவும் முடியாது.

கட்டும்போது முதலில் கறுப்பு ஜன்னலை மறைக்காமல் கட்டுங்கள். எல்லாம் சரியாகப் பேசிய பிறகு மறைத்துக்கொள்ளலாம். ஜன்னலை முதலிலேயே மறைத்துவிட்டால் என்ன தவறு என்று சொல்ல ஆளிருக்காது.

என் ஒலிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று எழுத வேண்டும். எழுத மனம் வரவில்லை. அந்த "அம்மா, சாப்ட்டியா?" ஒன்றை மட்டும் வைத்திருங்கள். அம்மா பேசுவதற்கு இல்லை, கேட்பதற்கு.

மித்ரா


தொம்மலூர்
10 ஆகஸ்ட்

மித்ராவுக்கு,

பதில் தாமதம். முதலில் பேசவில்லை, நீ சொன்னபடி ஜன்னலைத் திறந்தே வைத்திருந்ததால் காரணம் தெரிந்தது. ஃபோல்டர் பெயரில் ஒரு எழுத்து பிசகு. திருத்தினேன். பேசிவிட்டது. யாரையும் கேட்காமல் நானே திருத்தினேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உன்னுடைய அந்த ஒலி இருக்கிறது. கடைசி கீயில் வைத்திருக்கிறேன். அத்தை அதை என் முன்னால் தட்டுவதில்லை. நான் ஆபீஸ் போன பிறகு தட்டுகிறார் என்று உமேஷ் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

கடை நன்றாக நடக்கிறது. போன வாரம் கேஸ் சிலிண்டர்காரரிடம் கன்னடத்தில் சண்டையே போட்டார். அவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார், குரல் என்னுடையதாம்.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், புதிதாக ஒரு வாக்கியம் பதிய வேண்டும் என்று அத்தை சிலேட்டில் எழுதிக் காட்டினார். "எம் பொண்ணு கொரலு." எனக்குப் புரிந்துவிட்டது. உன் ஒலியை விகாரையில் போட்டுக் காட்டப்போகிறார், யார் குரல் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் இது. அதையும் என் வாயால் சொல்ல வைக்கிறாரே என்று வயிறு எரிந்தது. உன் புகழை நான் பாட வேண்டும். சொல்லித் தொலைத்தேன். அன்று அத்தை மேஜையைத் தட்டவே இல்லை, முதல் தடவையே சரி என்றார்.

நேற்று விகாரையில் பெட்டியைத் திறந்தார். "எல்லாரும் நல்லாக்கீறீங்களா?" என்று என் குரலில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், பேசினார்கள், அவரும் பேசினார். அந்தக் கடைசி கீயை எப்போது தட்டுவார் என்று நான் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டவில்லை. சின்னத்தாயி அம்மாதான் கேட்டார். "போன தபா மித்ரா கொரலு வந்துச்சே. இது ஆரு கொரலு, ரத்தினம்?"

அத்தை புதுக் கீயைத் தட்டினார்.

"எம் பொண்ணு கொரலு."

மித்ரா, என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் யாருடையது என்று கேட்டார். என் குரலில்தான் பதில் வந்தது. அத்தை திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை, சின்னத்தாயி அம்மாவின் ப்ளவுஸ் கைத் தையலைப் பிடித்து இழுத்துப் பார்த்துக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்புப் போடும் இடத்துக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மறைத்தால் அது இன்னும் மோசம்.

வீணா


ஹாம்பர்க்
12 ஆகஸ்ட்

அண்ணி,

வலித்தது. நீங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. படித்துவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே, சின்னத்தாயி அம்மா அந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும் என்று அவர்மேல் கோபப்பட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஆனால் ஒன்று. அம்மா அதைப் பொய்யாகச் சொல்ல மாட்டாள். வாடிக்கையாளரிடம்கூட "உனக்கு இந்த கலர் எடுக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்புகிறவள். அதனால் அது உண்மைதான். உங்களுக்குக் கிடைத்துவிட்டது. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

விசா வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். முன்னறையில் பாய் போட்டுத் தருகிறேன், ஹாலில் படு என்றெல்லாம் சொல்லாதீர்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் யார் படுப்பது என்று நாம் இரண்டு பேரும் நேரில் சண்டை போட்டுக்கொள்வோம்.

மித்ரா